மதச்சார்பற்ற சமுதாயங்கள்தாம் மகிழ்ச்சியும் வளமும் மிக்கவையா? இந்த வாதத்தை எடைபோடும் முறை

ஆண்டுதோறும் மார்ச் 20-ஆம் நாளையொட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை வெளிவருகிறது. 2018 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் பின்லாந்தே அதில் முதலிடம் பெற்றது; டென்மார்க், ஐஸ்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளும் முன்வரிசையிலேயே இருந்துவருகின்றன. பட்டியல் வெளியான உடனேயே பழைய வழக்கு ஒன்று மீண்டும் கிளம்புகிறது. கோயிலையும் தேவாலயத்தையும் விட்டு விலகிய நாடுகள்தாம் நன்றாக வாழ்கின்றன என்கிறது ஒரு தரப்பு. செல்வம் இருக்கலாம், ஆனால் மன நிறைவு நம்பிக்கையாளர்களுக்கே உரியது என்கிறது மறு தரப்பு. பட்டிமன்றத்திலோ, கல்லூரிப் பேச்சுப் போட்டியிலோ, கட்டுரையிலோ இத்தலைப்பைக் கையாள முற்படுவோர் எந்தத் தரவை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். நோய்க்கும் முதுமைக்கும் வேலையிழப்புக்கும் அஞ்ச வேண்டியிராத வாழ்க்கை அமைந்த நாடுகளில் மதப்பற்று காலப்போக்கில் தளர்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. மதத்தை விட்டதால்தான் மகிழ்ச்சி வந்தது என்பதற்கோ, மதத்தைப் பற்றியிருப்பதால்தான் வறுமை நீடிக்கிறது என்பதற்கோ உள்ள சான்றுகள் மிகவும் மெலிந்தவை. ஏழை மக்களின் நம்பிக்கையை இழித்துப் பேசவும், நம்பிக்கையை விட்டவர்களை ஒழுக்கமற்றவர்களாகச் சித்திரிக்கவும் இவ்வாதம் பயன்படுத்தப்படுவதால், இதைக் கவனமாகக் கையாளும் கடமை நமக்கு இருக்கிறது.

முதல் வேலை: மூன்று நிலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மதச்சார்பற்ற சமுதாயம் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு நிலைகள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன: அரசு எந்த மதத்தையும் தனதாக ஏற்காத நிலை, மக்கள் தம் அன்றாட வாழ்வில் மதத்துக்குப் பெரிய இடம் தராத நிலை, அரசே மதத்தை ஒடுக்கிய நிலை. இவை ஒன்றையொன்று சார்ந்து வருபவை அல்ல என்பதைச் சில நாடுகளைப் பார்த்தாலே உணரலாம்.

இவ்வாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் டென்மார்க்கையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் 1849-ஆம் ஆண்டு அரசமைப்பு லூத்தரன் திருச்சபையை நாட்டின் திருச்சபையாக அறிவித்தது. அந்த ஏற்பாடு இன்றும் நீடிக்கிறது. மன்னர் அச்சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். நாட்டின் பெரும்பகுதியில் ஒரு குழந்தையின் பிறப்பு, பெற்றோர் எம்மதத்தினராக இருந்தாலும், திருச்சபையின் பதிவேட்டில்தான் பதிவாகிறது. பின்லாந்தில் லூத்தரன் திருச்சபை தன் உறுப்பினர்களிடமிருந்து வரி பெறுகிறது. அவ்வரி வருமான வரியோடு சேர்த்தே பிடிக்கப்படுகிறது. ஆக, சட்டப்படி பார்த்தால் இந்நாடுகள் மதத்தோடு பிணைந்தவை. மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்தால் உலகிலேயே மதப்பற்று குறைந்த நாடுகளுள் சேர்பவை. அமெரிக்கா இதற்கு நேர் எதிர். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற விதி 1791-இலிருந்து அங்கு உண்டு. எனினும் செல்வந்த நாடுகளுள் மதப்பற்று மிகுந்த நாடாகவே அது நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது.

மூன்றாம் நிலைக்கு அல்பேனியா சான்று. 1967-இல் அந்நாட்டு அரசு வழிபாட்டு இடங்கள் அனைத்தையும் மூடியது. அதன்பின் ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் அங்கே வழிபாடு குற்றமாக இருந்தது. அக்காலத்தில் அது ஐரோப்பாவிலேயே மிக ஏழை நாடுகளுள் ஒன்று. ஒருவர் டென்மார்க்கைக் காட்டும்போது மற்றவர் அல்பேனியாவைக் காட்டுவதும், சோவியத் ஒன்றியத்தைக் காட்டுவதும் வழக்கம். இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். எனவே, பேசத் தொடங்கும் முன்பே மூன்றில் எதைக் குறிக்கிறீர்கள் என்று அறிவித்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் பெரும்பாலும் இரண்டாம் நிலையையே, அதாவது மக்களின் மதப்பற்றையே, எடுத்துக்கொள்கிறேன்.

மக்களிடம் என்ன கேட்கப்பட்டது என்று பாருங்கள்

மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை ஒரே ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது. அடிப்படி 0, உச்சிப்படி 10 என எண்ணிட்ட ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுமாறு கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தின் ஆய்வாளர் கேட்கிறார். உச்சிப்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்பதாக உணர்கிறீர்கள்? ஒவ்வொரு நாட்டிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் இவ்வாறு கேட்டு, மூன்றாண்டுச் சராசரியைக் கொண்டு வரிசை அமைக்கிறார்கள்.

இக்கேள்விக்கு விடை சொல்பவர் தம் வாழ்க்கையை மதிப்பிடுகிறார். வருமானம், உடல்நலம், பிள்ளைகளின் எதிர்காலம் ஆகியவற்றை மனத்தில் நிறுத்திப் படியைத் தேர்கிறார். நேற்று சிரித்தாரா, நன்றாக ஓய்வெடுத்தாரா, மதிப்போடு நடத்தப்பட்டாரா என்பன வேறு கேள்விகள். அவற்றையும் கேலப் நிறுவனம் தனியே கேட்கிறது. அந்தக் கணக்கில் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றவை பராகுவே, பனாமா, எல் சால்வடோர், குவாத்தமாலா போன்ற இலத்தீன் அமெரிக்க நாடுகள். கத்தோலிக்க, பெந்தெகோஸ்தே வழிபாடுகள் தெருவெங்கும் உயிர்ப்போடு இருக்கும் நாடுகள் அவை. மூன்றாவதாக, உங்கள் வாழ்க்கைக்கு முக்கியமான நோக்கமோ பொருளோ உண்டு என்று உணர்கிறீர்களா என்று கேட்டால் வரிசை இன்னும் தலைகீழாகிறது. 132 நாடுகளின் தரவை ஆராய்ந்து ஷிகெஹிரோ ஓயிஷியும் எட் டீனரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, செல்வந்த நாடுகளைவிட ஏழை நாடுகளின் மக்களே தம் வாழ்வுக்குப் பொருள் உண்டு என்று மிகுதியாகக் கூறுகிறார்கள் என்றும், அந்த வேறுபாட்டுக்கு மதப்பற்று ஒரு முக்கியக் காரணம் என்றும் காட்டியது.

ஏணிக் கேள்வியை எடுத்தால் பின்லாந்து, சிரிப்புக் கேள்வியை எடுத்தால் பராகுவே, பொருள் குறித்த கேள்வியை எடுத்தால் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் என்று, ஒரே உலகத்திலிருந்து மூன்று விடைகள் கிடைக்கின்றன. மகிழ்ச்சி என்ற ஒரே சொல்லின் கீழ் இம்மூன்றையும் அடக்கிப் பேசுபவரிடம், எந்தக் கேள்வியின் விடையைச் சொல்கிறீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

மதப்பற்றை அளப்பதிலும் இதே சிக்கல் உண்டு. டேனியர்களுள் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் திருச்சபை உறுப்பினர்கள். ஞாயிறுதோறும் ஆலயம் செல்பவர்களோ மிகச் சிலர். ஜப்பானில் மத அமைப்புகள் அரசுக்குத் தரும் உறுப்பினர் கணக்கைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையையே மிஞ்சுகிறது. நீங்கள் எந்த மதம் என்று தனிநபரிடம் கேட்டால் பெரும்பாலோர் எதுவுமில்லை என்கிறார்கள். உறுப்பினர் கணக்கு, வழிபாட்டுக்குச் செல்லும் வழக்கம், வாழ்வில் மதத்துக்குத் தரும் இடம் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்காதீர்கள். வளத்தைப் பொறுத்தவரை, தலா வருமானத்தை மட்டும் பார்த்தால் கத்தாரும் ஐக்கிய அரபு அமீரகமும் உச்சிக்கு வந்துவிடும் என்பதை நினைவில் வைத்தாலே போதும்.

நாட்டின் கணக்கை நபரின் கணக்காக்காதீர்கள்

புள்ளியியலாளர்கள் நெடுங்காலமாக எச்சரித்துவரும் பிழை ஒன்று இத்தலைப்பில் மிகுதியாக நிகழ்கிறது. 1950-இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற அறிஞர் 1930-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்ந்தார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்திருந்த மாநிலங்களில் எழுத்தறிவு உயர்ந்திருந்தது. ஆனால் தனிநபர்களாகப் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தவர்களின் எழுத்தறிவு உள்நாட்டவரைவிடக் குறைவாகவே இருந்தது. ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்திருந்த மாநிலங்களில் குடியேறிகள் சென்று தங்கியதே காரணம். மாநிலக் கணக்கைக் கொண்டு நபரைப் பற்றி முடிவு செய்திருந்தால் உண்மைக்கு நேர்மாறான முடிவே கிடைத்திருக்கும்.

மதம் பற்றிய தரவிலும் அதே அமைப்பைக் காணலாம். நாடுகளை ஒப்பிட்டால் மதப்பற்று குறைந்தவை பல ஏணியின் மேற்படிகளில் நிற்கின்றன. ஒரே நாட்டுக்குள் நபர்களை ஒப்பிட்டால் படம் மாறுகிறது. பியூ ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்காவில் வழிபாட்டில் தவறாது பங்கேற்போருள் 36 விழுக்காட்டினர் தாம் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதாகக் கூறினர். மதத்தின் பெயரை மட்டும் வைத்திருப்போரிலும் மதம் சாராதோரிலும் அது 25 விழுக்காடாகவே இருந்தது.

இதைக் கண்டு மறு தரப்பு வெற்றி கொண்டாடவும் இடமில்லை. டீனரும் அவருடைய இணை ஆய்வாளர்களும் 2011-இல் காட்டியபடி, வறுமையும் பசியும் குறைந்த ஆயுளும் நிலவும் நாடுகளில்தான் நம்பிக்கையாளர் மற்றவரைவிட மன நிறைவோடு இருக்கிறார். வாழ்க்கை எளிதாக இருக்கும் நாடுகளில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் 2010-இல் சேயூன் லிம், ராபர்ட் பட்னம் ஆகியோர் செய்த ஆய்வு இன்னொரு படி உள்ளே சென்றது. வாரந்தோறும் ஆலயம் சென்றும் அச்சபையில் நெருங்கிய நண்பர் எவரும் இல்லாதவர்கள், ஆலயமே செல்லாதவர்களைவிட நிறைவாக இல்லை. சபையில் நட்பு இருந்தவர்களுக்கே அந்த நிறைவு வாய்த்தது. நம்முடைய ஊர்த் திருவிழாவில் தேர் இழுக்கக் கூடுவோரையும், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சி வழங்குவோரையும், கிறிஸ்துமஸ் பவனிக்கு வீடு வீடாகச் செல்வோரையும் அறிந்தவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது.

எது முன்னே வந்தது?

2009-இல் கேலப் நிறுவனம் 114 நாடுகளில், மதம் உங்கள் அன்றாட வாழ்வில் முக்கியமானதா என்று கேட்டது. தலா வருமானம் 2,000 டாலருக்கும் குறைந்த நாடுகளில் ஆம் என்றோரின் இடைநிலை அளவு 95 விழுக்காடு. 25,000 டாலரைக் கடந்த நாடுகளில் அது 47 விழுக்காடு. எஸ்தோனியாவில் 16, சுவீடனில் 17, டென்மார்க்கில் 19. இவ்வளவு தெளிவான ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்தே மாறும் தன்மை) சமூக ஆய்வில் அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால், ஒட்டுறவு எந்தப் பக்கம் காரணம் என்று சொல்வதில்லை. அதற்கு ஒரே நாட்டின் வரலாற்றை வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும்.

பின்லாந்தை அடுக்கிப் பாருங்கள். அந்நிலம் சுவீடனின் ஆட்சியில் இருந்தபோது வந்த 1686-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், மக்கள் அனைவரும் வேதப் பாடங்களை வாசித்தறிய வேண்டும் என்றது. பாதிரியார் ஊர் ஊராகச் சென்று குடும்பத்தினரை அமர்த்தி வாசிப்புத் தேர்வு நடத்தினார். வாசிக்கத் தெரியாதவர் திடப்படுத்தல் சடங்கைப் பெற முடியாது, அதைப் பெறாதவர் திருமணம் செய்துகொள்ள முடியாது. இவ்வாறு உழவர் குடும்பங்களில் வாசிப்பு பரவியது. எனினும் வறுமை நீங்கவில்லை. 1866 முதல் 1868 வரை நிகழ்ந்த பஞ்சத்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் மாண்டனர். 1906-இல் பெண்களுக்கு வாக்குரிமை, 1921-இல் கட்டாயக் கல்வி, 1937-இல் தேசிய ஓய்வூதியச் சட்டம், 1970-களில் அனைவருக்கும் பொதுவான பள்ளி முறை என்று படிப்படியாக நலன்கள் வந்தன. இத்தனைக்கும் பிறகு, 2000-ஆம் ஆண்டிலும் மக்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் திருச்சபை உறுப்பினர்களாகவே இருந்தனர். 2020-களில்தான் அது மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கியது. உறுப்பினர் கணக்கு நம்பிக்கையின் கணக்கு அன்று என்று மேலே சொன்னது இங்கும் பொருந்தும். நம்பிக்கை அதற்கு முன்பே தளர்ந்திருக்கலாம். ஆனால் பள்ளியும் ஓய்வூதியமும் வந்த காலத்தில் திருச்சபை அந்நாட்டில் செல்வாக்கோடு இருந்தது என்பதில் ஐயமில்லை.

எதிர்த் தரப்பின் வலுவான சான்றையும் மறைக்கக் கூடாது. டேமியன் ரக் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 109 நாடுகளில் இருபதாம் நூற்றாண்டு முழுவதையும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கிட்டு, மதப்பற்றின் சரிவு பொருளாதார வளர்ச்சிக்கு முன்னரே நிகழ்ந்தது என்றது. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: தனிமனித உரிமைகளை, குறிப்பாகப் பெண்ணின் உரிமைகளை, மதிக்கும் மனப்பான்மை மதப்பற்றின் சரிவைவிட வளர்ச்சியைத் துல்லியமாக முன்னறிவித்தது. இந்த இரண்டாம் பகுதியை விட்டுவிட்டு முதற்பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது. பெண்கள் படிக்கவும் வேலைக்குச் செல்லவும் மணவிலக்குப் பெறவும் முடிகிற இடத்தில் வளம் பெருகுகிறது என்பதே அதன் செய்தி என்று நான் கொள்கிறேன்.

நோன்பு காட்டிய விடை

மகிழ்ச்சியையும் வளத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வது ஏன் தவறு என்பதற்கு, எனக்குத் தெரிந்தவற்றுள் மிகச் சிறந்த ஆய்வு 2015-இல் இரு பொருளியலாளர்கள் வெளியிட்டது. இசுலாமிய ஆண்டு பிறையைக் கொண்டு கணிக்கப்படுவதால், ரமலான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. துருக்கியைவிட நிலநடுக்கோட்டுக்கு நெருங்கிய வங்காளதேசத்தில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல்பொழுதில் உள்ள வேறுபாடு குறைவு. வடக்கே தள்ளி இருக்கும் துருக்கியில் கோடைப் பகல் ஏறத்தாழ 15 மணி நேரம். குளிர்காலப் பகல் 9 மணி நேரத்துக்குச் சற்று மேல். எனவே, ரமலான் கோடையில் வரும் ஆண்டுகளில் துருக்கியர் வங்காளதேசத்தவரைவிட நீண்ட நேரம் நோன்பிருக்கிறார்கள்; குளிர்காலத்தில் வரும்போது நிலைமை மாறுகிறது.

இந்த ஏற்ற இறக்கத்தை எந்த அரசும் எந்த மக்களும் தேர்ந்தெடுக்கவில்லை, வானம் தீர்மானிக்கிறது. ஆகவே, மதக் கடமை கூடினால் என்ன நிகழ்கிறது என்பதை மற்றக் காரணிகளிலிருந்து பிரித்துப் பார்க்க முடிந்தது. நோன்பு நேரம் நீண்ட ஆண்டுகளில் இசுலாமிய நாடுகளின் பொருளாதார வளர்ச்சி குறைந்தது. அதே வேளையில் இசுலாமியர்கள் தம் வாழ்க்கை நிறைவாக இருப்பதாகக் கூறியது கூடியது. வளம் ஒரு பக்கமும் மகிழ்ச்சி மறு பக்கமும் நகர்ந்தன. நோன்புக்கு முன் எழுந்து சஹர் உணவு சமைப்பவரும், மாலையில் அண்டை வீட்டாரோடு பேரீச்சம்பழம் பகிர்ந்து நோன்பு துறப்பவரும் அடையும் நிறைவு உற்பத்திக் கணக்கில் ஏறுவதில்லை என்பதற்காக அது இல்லாததாகிவிடாது. அதே போல, வளர்ச்சி குறைந்தது என்ற உண்மையையும் பக்தியின் பெயரால் மறைக்க வேண்டியதில்லை.

வட ஐரோப்பாவை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்

பின்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே, ஐஸ்லாந்து ஆகிய ஐந்தையும் ஐந்து தனிச் சான்றுகளாக எண்ணுவது வழக்கம். இவை ஐந்தும் ஒரே திருச்சபை மரபிலும், ஒன்றையொன்று பார்த்து எழுதிய சட்டங்களிலும், ஒரே வகை மக்கள் நல அரசிலும் வளர்ந்தவை. ஒரு குடும்பத்தின் ஐந்து உறுப்பினர்களைக் கேட்டுவிட்டு ஊரையே கேட்டதாகச் சொல்வதற்கு ஒப்பானது அது. இவற்றை ஒதுக்கிவிட்டு 2025-ஆம் ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். கத்தோலிக்கத்தை அரசு மதமாக அரசமைப்பிலேயே கொண்ட கோஸ்டா ரிக்கா 6-ஆம் இடம். மெக்சிகோ 10-ஆம் இடம். மதப்பற்றுக் குறைந்த, செல்வம் மிகுந்த ஜப்பானும் தென்கொரியாவும் 50-ஆம் இடத்துக்கும் பின்னால் நிற்கின்றன.

ஜெர்மனியை உள்ளே நுழைந்து பாருங்கள். கிழக்குப் பகுதி மக்களில் பெரும்பான்மையினர் எந்தத் திருச்சபையையும் சாராதவர்கள். மேற்குப் பகுதி அந்த அளவுக்கு விலகவில்லை. வருமானத்திலும் வாழ்க்கை நிறைவிலும் முன்நின்றது மேற்குதான். 1990-இல் இணைந்த பின்னர் இடைவெளி குறைந்துவந்திருக்கிறது. கிழக்கு பின்தங்கியதற்கு அங்கு நடந்த நாற்பதாண்டுப் பொதுவுடைமை ஆட்சியே காரணம், மதமின்மை அன்று என்று எவரும் உடனே சொல்வார்கள். அந்தப் பதில் சரியானதே. அதே நிதானத்தை டென்மார்க்குக்கும் காட்ட வேண்டும்: அங்கே ஊழலின்மை, இலவச மருத்துவம், அண்டை வீட்டார் மீதான நம்பிக்கை ஆகியவை இருக்க, மதமின்மையை மட்டும் ஏன் காரணமாக எடுக்கிறோம்?

அயர்லாந்தின் வரிசையும் படிக்கத்தக்கது. 1966-இல் இலவச உயர்நிலைக் கல்வி அறிவிக்கப்பட்டு, 1967-இல் நடைமுறைக்கு வந்தது. 1973-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் நாடு சேர்ந்தது. 1990-இலும் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வாரந்தோறும் திருப்பலிக்குச் சென்றுகொண்டிருந்த சமுதாயத்தில்தான் 1990-களின் பெரும் வளர்ச்சி தொடங்கியது. குருக்கள் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைகள் அதே பத்தாண்டில் வெளிவந்தபோது ஆலயங்கள் காலியாயின. ஏமாற்றப்பட்ட மக்களின் கோபத்தைச் செல்வத்தின் விளைவு என்று மட்டும் எழுதுவது அம்மக்களுக்குச் செய்யும் அநீதி.

இலங்கையில் இம்முறையைச் செய்துபாருங்கள்

மேலே சொன்ன 2009-ஆம் ஆண்டு ஆய்வில், மதம் அன்றாட வாழ்வில் முக்கியம் என்றோர் இலங்கையில் 99 விழுக்காடு. அரசமைப்பின் 9-ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது. மதப்பற்றே வளர்ச்சிக்குத் தடை என்றால், தெற்காசியாவில் இந்நாடு பின்தங்கியிருக்க வேண்டும். ஆனால் 1945-இல் தொடங்கிய இலவசக் கல்வியும் அரசு மருத்துவமனைகளும் எழுத்தறிவிலும் ஆயுளிலும் அதை அண்டை நாடுகளுக்கு முன்னே கொண்டுசென்றன. மதப்பற்றே மகிழ்ச்சி தரும் என்றால், மகிழ்ச்சிப் பட்டியலில் அது மேலே இருக்க வேண்டும்; அதுவோ 100-ஆம் இடத்துக்கும் பின்னால் இருக்கிறது. 1983 முதல் 2009 வரை நடந்த போரையும், 2022-இல் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றதையும் கணக்கில் எடுக்காமல் அந்த இடத்தை விளக்க முடியாது.

கேரளமும் இதே வகை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 94 விழுக்காடு. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் நிரம்பி வழியும் மாநிலம் அது. 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கத்தைத் தாமே நிறுவிச் சாதி ஒழுங்கை மீறிய நாராயண குரு, பின்னாளில் கோயில்களைவிடப் பள்ளிகளைக் கட்டுமாறு வற்புறுத்தினார். கிறித்தவ மிஷனரிகள் தொடங்கிய பள்ளிகள், சமஸ்தானத்தின் கல்விச் செலவு, இடதுசாரிகளின் நிலச் சீர்திருத்தம் ஆகியவற்றோடு அதுவும் சேர்ந்தே இன்றைய கேரளத்தை உருவாக்கியது. இவ்விரு நிலங்களையும் எழுத எடுப்பவர்கள், மதப்பற்றின் அளவைக் குறித்து நிறுத்திவிடாமல், பள்ளிக்கூடம் எந்த ஆண்டு திறந்தது, யார் உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள், செலவை யார் ஏற்றார்கள் என்ற மூன்றையும் தேடிப் பிடித்து அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.